அருள்ஜோசப் எழுதிய அட்டை

அருள்ஜோசப்பின் காதுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு பேர் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். அரை நிமிஷம்தான். "இது நாலு நாள் தாங்கும், அதுக்குள்ள மாத்திடுங்க" என்பார். மாற்றாவிட்டால் நாலாம் நாள் அது போய்விடும். மத்தூரிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்த மனுஷனுக்குச் சோறு போட்டது அந்தக் காதுதான்.

அவர் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டை தொங்கும். தேதி, கோளாறு, பார்த்தவர் என்ன செய்தார், அவர் கையெழுத்து என்று நாலு கட்டம். "சத்தம் வருது" என்று ஆபரேட்டர் எழுதிவிட்டால் போதும், யாரையும் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியதைப் பார்க்காத ஃபிட்டருக்கு மெமோ நிச்சயம்.

எண்பத்து நாலில் அருள்ஜோசப்புக்கு டி.பி. வந்தது. அறுபது நாள் தினம் ஓர் ஊசி, அப்புறம் வருஷக்கணக்கில் மாத்திரை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "என்ன ஊசிங்க சார்?" என்று கேட்டார். "டி.பி. ஊசி" என்றார் டாக்டர். அடேயப்பா, என்ன விளக்கம்!

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் அட்டையை வெட்டி, அதே நாலு கட்டம் போட்டார். மனைவி கிருபாராணி சிரித்தாள். "ஏங்க, நீங்க என்ன லேத்து மெஷினா?"

"மெஷினுக்கே எழுதறாங்க. எனக்கு எழுதக் கூடாதா?"

பத்தொன்பதாம் ஊசியன்று காதில் இரைச்சல் கேட்டது. அட்டையில் எழுதி, ஊசி போடும் சரசம்மாவிடம் கொடுத்தார். அவர் அதைப் படிக்காமலே ஃபைலுக்குள் செருகினார். மறுநாள் அதையே கேட்டு வாங்கி இன்னொரு வரி. அதற்கு மறுநாள், நடந்தால் தலை சுற்றுகிறது என்று சேர்த்து எழுதினார். டாக்டர் ஃபைலைப் பார்க்காமலா இருப்பார் என்று நம்பினார். பாவி மனுஷன், ஆஸ்பத்திரியையும் தன் கம்பெனி ஷாப் ஃப்ளோர் என்றே நினைத்துவிட்டார்!

இருபத்தாறாம் நாள், ஊசி மருந்துப் பெட்டியிலிருந்து விழுந்த இங்கிலீஷ் துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை நூருல்லாவிடம் போனார். நூருல்லா படித்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணே, காதுல இரைச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும், மருந்தை நிறுத்த வேண்டி வரலாம்னு போட்டிருக்குது. விட்டா காது கேக்காமலே போயிடுமாம்."

அன்றைக்கே சீட்டோடு டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "கடைக்காரன் படிச்சுச் சொன்னதைக் கேட்டுட்டு வந்து எனக்கே வைத்தியம் சொல்றியா? அது வெறும் வீக்னெஸ், முட்டை சாப்பிடு. ஊசிய நிறுத்தினா செத்துப் போவ."

"வேற ஊசி, மாத்திரை ஏதாவது இருக்குதுங்களா சார்?"

"நெக்ஸ்ட்!"

ஊசியை விட்டுவிடலாமா என்று வீட்டில் கேட்டார். கிருபாராணி அழுதாள். "காது போனாப் போகுதுங்க, உசுரு இருந்தாப் போதும். போட்டுக்குங்க." செத்துப் போவாய் என்று சொன்னபின் அவள் வேறென்ன சொல்வாள்? அருள்ஜோசப் மறுநாளும் போய்க் கையை நீட்டினார். அட்டையிலும் எழுதினார்.

அறுபது ஊசியும் முடிந்தபோது, கோயில் மணி அடிப்பது கயிறு ஆடுவதை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. கம்பெனியில் ஒரு மாதம் பார்த்தார்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்தார், பிடியைக் காதில் ஒட்டினார். ஒன்றுமில்லை. ஸ்டோரில் வேஸ்ட் துணி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். "உயிர் பிழைச்சதே பெருசு" என்று ஆளாளுக்கு அவரிடம் சொன்னார்கள். நல்லவேளை, அது அவர் காதில் விழவில்லை.

எக்ஸ்ரே பார்க்கும் நாளில் டாக்டர் சிரித்தபடி ஏதோ சொன்னார். அருள்ஜோசப் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் கத்தினார். பிறகும் கத்தினார்.

"அவருக்குக் கேக்காதுங்க" என்றாள் கிருபாராணி. "நீங்க போட்ட ஊசிதான்."

டாக்டரின் சிரிப்பு நின்றது. அருள்ஜோசப் ஃபைலைத் திறந்து தன் அட்டையை உருவினார். கடைசி ஊசியன்று செருகிய மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை மேஜைமேல் வைத்து, சட்டைப்பையிலிருந்த பேனாவையும் நீட்டினார். "எழுதிக் காட்டுங்க சார்."

டாக்டர் மேலே இருந்ததைப் படிக்காமலே கடைசியில் இருந்த காலி இடத்தில் எழுதினார்: "காது சரியில்லைன்னு முன்னாடியே ஏன் சொல்லலை?"

அதற்கு மேலே நாற்பத்திரண்டு வரிகள் இருந்தன. எல்லாம் காது இரைச்சல்தான்.

அருள்ஜோசப் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது கிருபாராணிக்கு ஆறியிருக்கும். அவர் நாலாவது கட்டத்தில் விரலை வைத்தார். தன் குரல் தனக்கே கேட்காததால், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"பார்த்தவங்க சைன் போடணும் சார்."

டாக்டர் பேனாவை மூடி அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.