டார்னெய்ட்டுக்கு வந்த எகிப்துக்காரி

மெல்பேர்னில் இருந்துகொண்டு சிறுவருக்குத் தமிழில் சரித்திர நாவல் எழுதுவது, சமைத்து வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிச் சாப்பிட ஆள் தேடுகிற வேலை. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

என் நாவலின் நாயகி மெரித், பழைய எகிப்தில் ஓர் எழுத்தரின் மகள். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத காலம். அண்ணன் பள்ளியில் எழுதி எறிந்த சட்டி ஓடுகளில் களவாக எழுதிப் பழகுகிறாள். பிடிபடுவாளா என்பதுதான் கதை.

சாப்பாட்டு வரிசை

கேரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டுக்கு நின்ற ஒரு அன்ரியிடம் புத்தகத்தைக் காட்டினேன். பின்னட்டையை நின்ற நிலையிலேயே முழுதாக வாசித்தார். எகிப்துக்குப் போனனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றேன். போகாத இடத்தை எழுதுவதைவிடச் சோழரை எழுதியிருக்கலாமே என்றார். சோழர் காலத்துக்கும் நான் போகவில்லை என்றேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

"அது பரவாயில்லைத் தம்பி, அவை எங்கட ஆக்கள்தானே."

பியர்

டார்னெய்ட்டில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிற சரவணன் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். ஒரு பிள்ளையாவது யாரும் வற்புறுத்தாமல் கடைசிப் பக்கம் வரை வாசித்தால், என் நாவலை அடுத்த வருடம் பாடநூலாக வைக்கலாம் என்றார். பள்ளித் தவணை முடிவதற்குள் ஒரே ஒரு பிள்ளை வாசித்தால் போதும். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதோடு, நாவலில் பள்ளியில் இருக்கும் மெரித்தின் அண்ணனுக்குத் தாய் ரொட்டியும் பியரும் கொண்டுபோகிற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அந்த ஊரில் சிறுபிள்ளைகளும் அதைக் கூழ் மாதிரிக் குடித்தார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆமா சார், சரித்திரம் கரெக்ட்தான், ஆனா பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப் இருக்கே, மோர்னு போட்டுடலாமா?"

மேடை

பள்ளிப் போட்டியில் அபிநயா என்ற பதினொரு வயதுப் பிள்ளை என் முதல் அத்தியாயத்தை ஒரு பிழையும் இல்லாமல் மனப்பாடமாகச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. ஆள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பாராட்டப் போனபோது அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். தமிழ் வசனம் முழுக்க ஆங்கில எழுத்தில், தாயின் கையெழுத்து. எங்கள் வீடுகளில் நடக்கிறதுதான். நானே என் மகனுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெரித் ஏன் ஓடுகளை ஒளித்தாள் என்று கேட்டேன்.

"சொறி அங்கிள், எனக்கு சவுண்ட் மட்டும்தான் தெரியும், மீனிங் அம்மாட்டைத்தான் இருக்கு."

கடைசிச் சனிக்கிழமை

தவணை முடிந்தது. ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, பள்ளியில் கொடுத்து மிஞ்சின பிரதிகளைத் தூக்கிவரப் போனேன். சரவணனின் மேசைக்குப் பக்கத்தில் அபிநயா நின்றாள், புத்தகம் முடிஞ்சுது என்றாள்.

போட்டி முடிந்த கையோடு தாயிடம் அர்த்தம் கேட்டிருக்கிறாள். அண்ணன் ஓடுகளைக் கண்டுபிடிக்கிற இடம்வரை தாய் கதை சொல்லியிருக்கிறார். அதற்குள் பக்கத்து ஊரான ட்ருகனினாவில் வேலைக்கு நேரமாகிவிட்டது. பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு கிழமை போனது. பிள்ளை பொறுக்கமாட்டாமல் புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கிறாள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் இரண்டு. வாசிக்கச் சொன்னது யார் என்று சரவணன் கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர், அவள் பிடிபடுறாளோ எண்டு எனக்குத் தெரியவேணும், அம்மாவுக்கு டைம் இல்லை."

சரவணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், என் நாவல் பாடநூலாகிவிட்டது, இனி அதை எந்தப் பிள்ளையும் தானாக வாசிக்கப் போவதில்லை.