கண்ணை மூடாமல் சுடுவது

குக்கர் விசிலுக்குக் கண் சிமிட்டாமல் நிற்பதுதான் துப்பாக்கிப் பயிற்சி என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து, சாம்பாருக்குப் பருப்பை ஏற்றிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தபடி, எதிரே டைல்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சிட்லபாக்கத்து வீட்டில் எங்கள் சமையலறை அவ்வளவுதான். பொட்டுக்கும் எனக்கும் நான்கடி. கணவர் எட்டிப் பார்த்து, "பருப்பு சரண்டர் ஆயிடுச்சா?" என்பார். நான் பொட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன்.

நான் போலீசில் இருக்கிறேன். பெண் கைதிகளை ஜெயிலிலிருந்து வேனில் கோர்ட்டுக்குக் கொண்டுபோய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. வேனுக்கு நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு பிஸ்டல். என் ஜோடி கோவளத்துக்காரி. என்னைவிட மூன்று வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு வருஷமாக ஒரே வேன். வருஷத்துக்கு ஒருமுறை மலையடிவாரத்து ரேஞ்சில் சுட்டுக் காட்ட வேண்டும். பத்துக்கு ஆறு பட்டால் பாஸ். இரண்டு வருஷமாக எனக்கு நாலைத் தாண்டவில்லை. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் பிஸ்டலை வாங்கி வைத்துக்கொண்டு ஃபைல் அடுக்க அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு வேறு ஜோடி.

ஃபைல் வேலை அப்படியொன்றும் மோசமில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. வேனின் தூக்கிப்போடலில் முதுகு என்றோ போய்விட்டது. ஃபேனுக்குக் கீழே உட்காரலாமே என்று பல நாள் ஏங்கியிருக்கிறேன். ஆனால் லாயக்கில்லை என்று எழுதி அனுப்பப்படுவதும், அக்கா பக்கத்தில் வேறொருத்தி உட்காருவதும் தாங்காது என்று தோன்றியது. அதற்குத்தான் அந்த பாட்டில்.

தேறாதவர்களுக்கு, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே பயிற்சி வைத்தார்கள். அக்கா ஒன்பதுக்குக் குறைந்து எடுத்ததில்லை. இருந்தும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள். நான் சுட்ட முதல் ஐந்தும் குறி அட்டைக்குக் கீழே மண்ணைக் கிளப்பின. "சைட் சரியில்லக்கா, வேற பிஸ்டல் கேட்கலாம்" என்றேன். தேறாதவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

"குடு" என்று தோட்டா அடைக்கும் மேகஸினை வாங்கிக்கொண்டு அக்கா திரும்பி நின்றாள். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மிகளைக் கலந்து போட்டுக் கொடுத்தாள். எது எங்கே என்று சொல்லவில்லை. முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதற்கு ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். கண்ணைத் திறந்தபோது பிஸ்டல் என் காலுக்கு முன்னால் இருக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபோது என்கிறேனே, அதை மூடியதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"பிஸ்டலுக்கு இன்னா கொறச்சல் கீது? சத்தம் வர்றதுக்கு மின்னாடியே நீதான் பயந்துகினு கீறே" என்றாள்.

அப்புறம்தான் குக்கர் விஷயம் உறைத்தது. குக்கர் திடீரென்று விசிலடிப்பதில்லை. முதலில் புஸ்ஸென்று ஆவி வரும், வெயிட் ஆடும், பிறகுதான் அலறும். நானும் ஆவி வந்ததும் மூச்சை அடக்கி, தோளை இறுக்கி, வரப்போகும் சத்தத்துக்குத் தயாராவேன். விடியற்காலைத் தூக்கத்தைத் தொலைத்து, இருக்கிற குறையையே இன்னும் நன்றாகப் பழகியிருக்கிறேன். அழுகை வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"மொத வருசமே. அதான் வேன்ல கதவாண்ட நான் குந்திக்கிறேன்."

காற்று வாங்கத்தான் அங்கே உட்காருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். கைதி ஓடப் பார்த்தால் முதலில் தடுக்க வேண்டியவள் கதவோரம் இருப்பவள்தான்.

மறுநாளே பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். டியூட்டிக்கு முன்னால் ஆயுத அறையில், குண்டு இல்லை என்று இரண்டு பேரும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, மணல் மூட்டைக்கு எதிரே நிற்போம். குழலின் நுனியில் ஒரு சட்டைப் பொத்தானை அக்கா வைப்பாள். அது விழாமல் விசையை அமுக்க வேண்டும். அவ்வளவுதான், வேறு எதுவும் கிடையாது. முதல் வாரம் முழுக்கப் பொத்தானை பீரோவுக்கு அடியில் தேடி எடுத்ததுதான் மிச்சம். ஒரு நாள் வீம்புக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். அக்கா பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு, "எட்டு தபா நெனச்சி அமுக்கினே. ஒம்பதாவது சும்மா அமுக்கறே. வுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். இரண்டு கோர்ட்டுக்குப் போய்க் களைத்த நாட்களில் நாலு தடவையோடு நிறுத்திவிடுவோம். கை நடுங்கும்போது பழகினால் நடுக்கம்தான் பழகும் என்பது எனக்கும் புரிந்துவிட்டது.

பரீட்சையில் ஏழு பட்டது. தவறிய மூன்றில் இரண்டுக்கு, அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே காரணம் தெரிந்தது: கண்ணை மூடியிருந்தேன். பெரிய சந்தோஷமெல்லாம் வரவில்லை. எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு கைதிகளோடு செங்கல்பட்டு கோர்ட். அக்கா முதலில் ஏறி, உள்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கதவுப் பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். நான் உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் நெரிசலில் வேன் நின்றது. "ரெண்டு நிமிசம் கண்ண மூடிக்கிறேன்" என்று சாய்ந்தவள், வண்டலூர் வருவதற்குள் வாயைத் திறந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். கைதிகளில் சின்னவள் சிரித்தாள். நான் முறைத்ததும் அடங்கினாள்.

எனக்கும் தூக்கம் சொக்கிக்கொண்டு வந்தது. கதவையும் அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேனில் அக்கா தூங்கி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பதினோரு வருஷத்தில் எத்தனையோ நாள் அவள் தோளில் சாய்ந்து நான் தூங்கியிருக்கிறேன்.