கைராசிக்குப் பதிவு எண் உண்டா?

கடைசியாக நீங்கள் வாயைத் திறந்து நாக்கை நீட்டினீர்களே, எதிரே டார்ச் பிடித்து எட்டிப் பார்த்தவர் என்ன படித்தவர் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. வெட்கப்பட வேண்டாம், யாருக்குமே தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒருத்தியைத் தெருவே சேர்ந்து திட்டிய கதை இது.

தெருவில் அவளுக்கு ‘வாரண்டி அக்கா’ என்று பெயர். வீட்டுச் சாதனங்கள் விற்கும் கடையில், பழுதாகி வரும் மிக்சிகளையும் இஸ்திரிப் பெட்டிகளையும் வாங்கி வைக்கும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். “யார் பிரிச்சுப் பார்ப்பாங்க? அவருக்கு வேலை தெரியுமா? எங்க கத்துக்கிட்டார்?” என்று நாள் முழுக்க அவளைக் குடைவார்கள். டோஸ்டரைத் திறக்கப் போகிறவனின் பூர்வீகத்தையே விசாரிக்கும் அதே மக்கள், மாலையானால் கைராசிக்காரர் கிளினிக்கில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வாய் பேசாமல் ஊசிக்குக் காத்திருப்பார்கள்.

கைராசிக்காரர்தான் அந்த வட்டாரத்துக்கே குடும்ப டாக்டர். அவர் கை பட்டால் நோய் ஓடிவிடுமாம். படிப்பா? அதைப் போய் யார் கேட்பார்கள்? எந்தக் கல்லூரியில் கைராசிக்குப் பட்டம் தருகிறார்கள், அதற்கு எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா என்பதெல்லாம் விவஸ்தை கெட்டவர்களின் கேள்விகள்.

வாரண்டி அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துவிட்டது. கைராசிக்காரர் ஊசி ஒன்றைக் குத்தி, பெயரில்லாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அந்த வாரமே மனிதர் மாடிப்படியில் துள்ளி ஏறினார். மாமியார் கிளினிக் இருந்த திசையை நோக்கிக் கும்பிட்டாள். பொட்டலம் தீரத் தீர அடுத்த பொட்டலம் வந்தது. சில மாதங்களில் முகம் உப்பியது. சட்டைப் பொத்தான் எட்டவில்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை.

“என் புள்ள மூஞ்சி எப்படி களையா இருக்கு பாரு.”

“களை இல்ல அத்தை, வீக்கம்.”

“அவன் நல்லா இருந்தா உனக்குக் கண்ணு உறுத்துமே!”

ஒரு காலை, வேனைப் பின்னால் எடுக்கும்போது கணவருக்குக் கண் மங்கி, வண்டி மதிலில் இடித்தது. பிள்ளைகள் யாரும் ஏறியிருக்கவில்லை. “அம்மாகிட்ட சொல்லாதே” என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். அன்றைக்குக் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. மாலையில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டு கிடந்தன.

“டாக்டர், இந்த மாத்திரை பேர் என்ன?”

“பேர் தெரிஞ்சு நீ என்னம்மா பண்ணப் போறே? சாப்பிட்டா சரியாகும்.”

“சரி, உங்க பதிவு எண் சொல்லுங்க.”

கைராசிக்காரர் பெருந்தன்மையோடு சுவரைக் காட்டினார். நடைப்போட்டியைத் தொடங்கிவைத்ததற்கு ஒரு கேடயம், ஒரு பிரமுகர் தோளில் கை போட்ட படம், கண்ணாடிச் சட்டத்தில் சான்றிதழ்கள். அவள் கிட்டே போய்ப் படித்தாள். ஒன்று, அஞ்சல் வழியில் முடித்த ஊட்டச்சத்துப் படிப்பு. மற்றது, சந்தா கட்டினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டை. கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் இவைதாம்.

“டாக்டர்கிட்டயே படிப்பைக் கேக்கறாளே, நாக்கு கூசல?” என்றாள் வரிசையில் இருந்த ஒரு பாட்டி.

“மிக்சின்னு நினைச்சுட்டாங்க போல” என்றார் பல்வலிக்காரர், கன்னத்தைப் பிடித்தபடியே.

“மிக்சி கெட்டா புதுசு மாத்தித் தருவோம்ணே. என் வீட்டுக்காரரை யார் மாத்தித் தருவா?”

வீட்டுக்கு வந்து மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டைக் கைபேசியில் திறந்தாள். பெயரை எத்தனை விதமாக அடித்துப் பார்த்தும் கைராசிக்காரர் அதில் இல்லை.

“பேர் இல்லைன்னா என்ன? வலி போச்சே” என்றார் கணவர்.

“வலியோட கண்ணும் போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

அதே பதிவேட்டில் குடும்ப மருத்துவம் படித்தவர்களைத் தேடினாள். சைக்கிள் கடை மாடியில் ஒருவர் இருந்தார். சின்னப் பலகை: பெயர், இரண்டு பட்டங்கள், பதிவு எண். உள்ளே ஒரு பெண் டாக்டர். வாரண்டி அக்கா உட்காரும் முன்பே படிப்பைக் கேட்டுவிட்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. “டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டு, அதுக்கு மேல குடும்ப மருத்துவத்துல பயிற்சி எடுத்து பரீட்சை எழுதியிருக்கேன். கைக்குழந்தைல இருந்து வயசானவங்க வரைக்கும் பார்ப்பேன். என்னால முடியாததை யார்கிட்ட அனுப்பணும்னும் தெரியும். எண் வாசல்ல இருக்கு, சரிபாருங்க, நான் இருக்கேன்.”

சரிபார்க்கும்வரை நிஜமாகவே காத்திருந்தார். பிறகு கணவரிடம் தூக்கம், வேலை, அப்பா அம்மாவுக்கு இருந்த நோய் என்று துருவித் துருவிக் கேட்டார். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

“ஊசி போடலையா?” என்றார் கணவர்.

“தேவையில்லை.”

தீனி கிடைக்காத குழந்தையைப் போல அவர் முகம் தொங்கியது. டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார்.

“பேரில்லாம உறுதியா சொல்ல முடியாது. ஆனா வலி சட்டுனு போனது, முகம் உப்பினது, சர்க்கரை ஏறினது எல்லாம் சேர்த்துப் பார்த்தா ஸ்டீராய்டாத்தான் இருக்கணும்.”

“இப்பவே சாக்கடைல கொட்டறேன்!” என்றாள் வாரண்டி அக்கா.

“ஐயோ, கொட்டாதீங்க! இத்தனை நாள் சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன். கண் தெளியற வரைக்கும் நீங்க வேன்ல ஏறக் கூடாது, சொல்லிட்டேன்.”

வீட்டில் மருந்துச் சீட்டை மாமியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “எனக்கே புரியற மாதிரி எழுதியிருக்காளே, இவ என்ன டாக்டர்?”

வீக்கம் மெல்ல வடிந்தது. முட்டி வலி திரும்பி வந்தது. அதற்கு டாக்டர் சொன்ன பயிற்சியைக் கணவர் முனகிக்கொண்டே செய்கிறார். கண் தெளிந்து, வேனிலும் மறுபடி ஏறிவிட்டார். பழைய மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது என்பது மாமியாரின் ஆராய்ச்சி முடிவு.

வாரண்டி அக்கா கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினாள். ‘பரிசீலனையில் உள்ளது. தங்கள் பகுதியிலிருந்து வேறு புகார் ஏதும் வரவில்லை’ என்று பதில் வந்தது. வேறு யார் எழுதுவார்கள்? எழுத வேண்டியவர்கள் எல்லாம் இன்னமும் அந்தக் கிளினிக்கில், உப்பிய முகங்களோடு, வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெயரில்லாத பொட்டலம் ஏதாவது இருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல், பதிவேட்டில் இருக்கும் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து, அந்த இரண்டாவது புகாரை நீங்கள் எழுதுங்கள்.