ஆடி பிறப்பதற்குள் வந்து சேர்ந்த படங்கள்

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கோப்புகளை அனுப்ப எது நல்ல வழி என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்கள் என்னிடம் கேட்பார்கள். கொஞ்சம்தான் என்றால் ஷேர் ஃபோல்டர் போதும், நிறைய இருந்து கரண்டும் நிலையில்லை என்றால் எஃப்.டி.பி. என்று சொல்லிவிடுவேன். சொல்லும்போதெல்லாம் எருமப்பட்டியில் எங்கள் வாசலும், பெரியப்பா மகனான அண்ணனின் முகமும் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக ரிக் வண்டி வைத்து வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர்கள். எனக்குப் பத்து வயதானபோது பாகம் பிரித்துக்கொண்டார்கள். வண்டி பெரியப்பாவுக்கு, தோட்டம் எங்களுக்கு. பேச்சு நின்றுபோயிற்று. ஒரே வாசலில் எதிரெதிரே இருந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே சுவர் வைப்பதென்று முடிவாகி, செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. பிரிக்க முடியாமல் மிஞ்சியது படங்கள்தான். கிடாவெட்டு, அத்தையின் சீர், நான் மொட்டை போட்டுக்கொண்டு அழுதது என்று எல்லாமே, வீடியோவோடு, பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்தன. அவை எங்கள் கம்ப்யூட்டருக்கும் வந்த பிறகுதான் சுவர் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். வண்டிக் கணக்குக்காக இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைத்து முன்பே இழுத்த ஒயர் ஒன்று, துணிக்கொடியை ஒட்டி வாசலின் குறுக்கே ஓடியது.

பொறுப்பு, இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் வந்தது. பென்டிரைவில் எடுத்தால் வைரஸ் ஏறும் என்றார். ஷேர் ஃபோல்டரைத் திறந்து, மொத்தத்தையும் பிடித்து இழுத்து எங்கள் பக்கம் போட்டார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அந்த நாட்களில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் காப்பி செய்வதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அண்ணன் சலிக்காமல் தொடங்குவார். காப்பி ஓடும்போது வீட்டுக் கதவைச் சாத்தக் கூடாது என்று ஒரு விதி வேறு போட்டிருந்தார். எந்தக் கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. திறந்த கதவு வழியாகப் பெரியம்மா வேகவைத்த கடலைக்காய் கொண்டுவந்தாள். ஒரு சாயங்காலம் பெரியப்பாவே வந்து உட்கார்ந்து, அப்பாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். அப்பாவும் திரையைத்தான் பார்த்தார்.

"இன்னும் எத்தன நேரமாகுங்கறான்?" என்று பெரியப்பா பொதுவாகக் கேட்டார்.

"அவனுக்கே தெரியலீங்களாம்," என்றார் அப்பா. பாகம் பிரித்த பிறகு இருவரும் பேசிக்கொண்டது அதுதான்.

ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் சுவருக்குக் கடைக்கால் போட மாட்டார்கள், அப்புறம் ஆவணியில்தான். கொத்தனார் வந்து வந்து திரும்பினார். பொறுமையிழந்த அப்பா, நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் என் மாமாவை வரவழைத்தார். அண்ணன் செய்துகொண்டிருந்ததைக் கேட்டு மாமா சிரித்தார்.

"இத்தன பெருசுக்கு எஃப்.டி.பி.தானுங்க மச்சான். கரண்டு போனாலும் உட்ட எடத்துலருந்து புடிச்சுக்கும்." எங்கள் கம்ப்யூட்டரைத் துழாவியவர் நிமிர்ந்தார். "அந்தப் புரோகிராம் இதுலயே கெடக்குதே. ஆரு போட்டது?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தானுங்க மாமா. மறந்துட்டேன்."

இவ்வளவு படிப்பவர் இதைப் போய் மறப்பாரா என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. மாமா தொடங்கினார். நடுவில் கரண்டு போய் வந்தும், விட்ட இடத்திலிருந்தே ஓடியது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. நான் கைதட்டினேன். கொத்தனாருக்கு ஆள் போயிற்று.

அந்த ஆடி முழுக்கக் கதவு திறந்து கிடந்திருந்தால் கோபம் ஆறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் பெரியப்பா இறந்த அன்று, எதிர்வீட்டுக்குப் போக அப்பா சுவரைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாக நடந்ததைப் பார்த்தபோதுதான் அண்ணனின் மறதி எனக்குப் புரிந்தது. அண்ணன் கேட்டது ஒரு மாதம்தான். அதையும் வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவர்.

படங்கள் வந்து சேர்ந்த அந்தச் சாயங்காலம், அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைக் கழற்றி, முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வந்துருச்சுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"வந்துருச்சு சாமி. ஒண்ணு உடாம வந்துருச்சு."

நல்ல செய்தி என்று நினைத்து, அதை அம்மாவிடம் சொல்ல ஓடினேன்.