பெயருக்குத் திரும்பாதவள்

என் மகள் பரீதாவுக்கு ஏழு வயது. கதைக்க மாட்டாள்; பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். நான் தறியில் இருந்தால் மட்டும் பக்கத்தில் வந்து, நூலோடு நாடா அங்குமிங்கும் ஓடும் தாளத்துக்குப் பலகையில் தட்டிக்கொண்டிருப்பாள்.

"புள்ளைக்கு ஜின் பிடிச்சிரிக்கி, ஓதிப் பார்க்க வேணும்" என்று என் மதினி ஒருவரை அழைத்து வந்தார். மறுக்காமல் இருந்தது என் பிழை. அவர் சாம்பிராணிப் புகையை முகத்தில் பிடித்துக் காதருகே சத்தம் போட்டதும், பிள்ளை வீறிட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவிட்டாள்.

மருதமுனைக் கரையில் அயலவர்கள் "பரீதா, பரீதா" என்று கூவித் தேடினார்கள். நானும் அலை ஓரமாகக் கூவிக்கொண்டே ஓடினேன். பிறகுதான் உறைத்தது: வீட்டுக்குள்ளேயே பெயருக்குத் திரும்பாதவள் இங்கே திரும்புவாளா?

"எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினேன். கரையில் கிடந்த ஒவ்வொரு தோணியிலும் தறியின் தாளத்தைத் தட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது தோணிக்குள், குவித்திருந்த வலைக்கு அடியிலிருந்து அதே தாளம் திரும்பி வந்தது. அந்தத் தோணியைக் கடலில் தள்ளத்தான் ஆட்கள் ஆயத்தமாக நின்றார்கள்.

அன்றிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தட்டுகிறேன், வருகிறாள். இதையும் ஜின் என்பவர்கள் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்.

போன கிழமை மதினி மறுபடியும் வந்தார். "அக்கரைப்பற்றில ஓதிப் பார்க்கிறதுல கெட்டிக்காரர் ஒருத்தர் இரிக்காராம். புள்ளயக் காட்டுவமா?"

"ஓம், காட்டுவம். முதல்ல அவருக்குத் தட்டத் தெரியுமா எண்டு கேட்டுட்டு வாங்க" என்றேன்.