சரிவுத் தெருவில் நடை பழகிய குளிர்காலம்

இப்போது ஸ்டுட்கார்ட்டில் பனி அப்படிக் கொட்டுவதில்லை. வந்தாலும் மத்தியானத்துக்குள் கரைந்து தெரு ஈரமாகிவிடுகிறது. நான் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் கிழமைக்கணக்காகக் கிடந்தது. அந்தப் பனியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.

எங்கள் கலியாணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. விடுமுறை முடிய அவர் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு விசா கிடைக்கும்வரை தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினோம். அதில் ஓயாமல் கதைத்த மனுசன், நான் நேரில் வந்து நின்றதும் பேச்சுக் குறைந்துபோனார். என்னை 'நீர்' என்பார். நான் 'இஞ்சருங்கோ' என்பேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு விருந்தாளிகள் போல இருந்தோம்.

அவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. விடியத்தான் வீட்டுக்கு வருவார். அன்று கதவைத் திறந்ததும், "வெளியிலை ஒரே பனி. இண்டைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். எனக்கு இந்த நாட்டு மொழியான டொச் வகுப்பு இருந்தது. எங்கள் தெரு செங்குத்தான சரிவு. கீழே இறங்கினால்தான் ட்ராம்.

"நான் வைக்கிற அடியிலை காலை வைச்சு வாரும்" என்று சொல்லி முன்னால் நடந்தார். அவர் எடுத்து வைக்கும் எட்டு நீளம். ஒவ்வொரு அடிக்கும் நான் பாய வேண்டியிருந்தது. வளைவில், ஆட்கள் மிதித்து மிதித்துப் பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஏலாது."

அவர் திரும்பி ஏறிவந்து கையை நீட்டினார். அதுவரை நாங்கள் தெருவில் கைகோத்து நடந்ததில்லை. எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் பனியை அள்ளிக்கொண்டு நின்றாள். கூச்சத்தில் அந்தக் கையைப் பிடிக்காமல் அவருடைய கோட்டைப் பிடித்தேன். அடுத்த அடியில் கால் வழுக்கியது. கோட்டோடு அவரையும் இழுத்து விழுத்தி, இருவரும் இருந்தபடியே கொஞ்சத் தூரம் சறுக்கிப் போனோம்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. திரும்பினால், அவர் தோள் குலுங்கச் சிரிக்கிறார். தொலைபேசியில் எத்தனையோ தரம் கேட்ட சிரிப்பு. சிரிக்கும்போது அவருடைய கண் இரண்டும் முழுதாக மூடிக்கொள்ளும் என்பதை அன்றுதான் கண்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் ஓடிவந்து, அடிபட்டதா என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டினார்.

ட்ராம் போய்விட்டது. "வகுப்பை விடும். வாரும், நடக்கப் பழகுவம்" என்று வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் வெளிக்குக் கூட்டிப் போனார். இரவு முழுக்க விழித்த கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் நடந்து வந்தவர், "விரலை இறுக்காதையும்" என்றார்.

"சப்பாத்துக்குள்ளை இருக்கிற விரல் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"செருப்புப் போட்டு வளந்த கால் அப்பிடித்தான் பிடிக்கும். தளர விட்டிட்டு முழுப் பாதத்தையும் வையும். கொஞ்சம் முன்னுக்குச் சாயும்."

"உங்களுக்கு ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்லை. விழுந்து விழுந்துதான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் தெரியாத ஊரில் தனியே விழுந்து, தனியே எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போன ஒரு பெடியன் என் கண்ணில் வந்து நின்றான். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் பாண் மணத்தது. அதற்குப் பிறகு கதைத்துக்கொண்டே அந்த வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒருநாள், "நீங்கள் படுங்கோ, நான் போறன்" என்று தனியே இறங்கினேன். வளைவு வந்ததும் விரலைத் தளர விட்டு, மெல்ல மெல்லக் கால் வைத்துக் கடந்துவிட்டேன்.

பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, பனிக்குள் தனியாக நடந்து போனதைச் சொன்னேன்.

"கனதூரமோ பிள்ளை?" என்று கேட்டா.

"இல்லையம்மா, கிட்டத்தான்."

"அப்ப சரி" என்றுவிட்டு, என்ன சமைத்தாய் என்று கேட்கத் தொடங்கினா.