மீசைக்காரனை ‘ஏட்டி’ என்றவள்

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், பங்குனி மாதம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு இமயமலைப் பக்கம் லாரி ஓட்டிப் போனேன். கூட இன்னொரு டிரைவர், மம்சாபுரத்துச் செல்லையா. “பங்குனியில ஏதுண்ணே பனி? எல்லாம் உருகிருக்கும், தைரியமாப் போங்க” என்று அனுப்பிவைத்தான் புரோக்கர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பற்றிப் பேசிய அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

மலையேறிய மறுநாள், பட்டப்பகலில் கொட்ட ஆரம்பித்தது பாருங்கள் பனி, நம் ஊர் மில்லில் பஞ்சு பறக்குமே, அப்படி. செத்த நேரத்தில் சக்கரம் புதைந்து, கண்ணாடி மூடி, கேபினுக்குள் ஒரே இருட்டு. கை விறைத்துப்போய், சமைக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வை உள்ளேயே பற்றவைத்தோம், கதவு இடுக்கில் சாக்கையும் அடைத்தோம். அப்படிச் செய்தால் காற்று கெட்டு ஆள் செத்துப்போவான் என்று எங்களுக்கு எவன் சொன்னான்? கதகதப்பாக இருந்தது, தலை கனத்தது, கண் சொக்கியது.

அப்போது கதவுக்கு வெளியே ஒரு பொம்பளைக் குரல்.

“ஏட்டி! வெளிய வாட்டி!”

நம்பினால் நம்புங்கள், அசல் நம் ஊர்ப் பேச்சு. பொம்பளைப் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல்லால், மீசை வைத்த என்னை!

“கதவச் சாத்திட்டு ஒளிஞ்சிருக்கியே, வெக்கமா இல்லையாட்டி? சேலையக் கட்டிட்டு வா!”

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் சத்தியமாக எழுந்திருக்க மாட்டேன். வந்த ஆத்திரத்தில், “எவட்டி அவ?” என்று கத்திக்கொண்டே கதவை உதைத்துத் திறந்து கீழே விழுந்தேன். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. ஒருத்தியும் இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. திரும்பிப் பார்த்தால் செல்லையா பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான். காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, கன்னத்தில் மாறி மாறி அறைந்தேன், அழுதுகொண்டே அறைந்தேன்.

பிழைத்துக்கொண்டான். ராணுவ வண்டி வந்து எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. ஸ்டவ் விஷயமே அங்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தத் திமிர்பிடித்தவளை நான் ஏசித் தீர்த்தபோது, செல்லையா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“எனக்கும் கேட்டுச்சுண்ணே, பொம்பளைக் கொரல், நம்ம ஊருப் பேச்சு. ஆனா என்னைய ஏசல. ‘அலுத்துப்போயிருக்கியேய்யா, நீ எந்திரிக்காத, தூங்கு’ன்னுச்சு. அம்புட்டுப் பாசமா.”

இத்தனை வருஷம் ஆகியும், பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறான், “அந்தக் கொரல் ஒங்களுக்குத் திரும்பக் கேட்டுச்சாண்ணே?” என்று. கேட்கும்போது அவன் முகத்தில் ஓர் ஏக்கம் இருக்கிறது பாருங்கள். செருப்பால் அடிப்பேன் என்று ஏசி விரட்டிவிடுகிறேன்.